நெட்டையன் எழுத்தில் மூன்று போஸ்டர்கள்

நான் ஒரு மனிதரைத் திருடன் என்று அச்சடித்து ஊர் ஊராக ஒட்டினேன். அவர் எதையும் திருடவில்லை. ஒட்டிய அன்றே அது எனக்குத் தெரியும்.

இந்தத் தொடரில் இதுவரை அப்பாவைப் பற்றி எழுதினேன். கல்லூரி நாட்களைப் பற்றி எழுதினேன். எங்கள் அச்சகத்துக்கு வந்துபோன தேர்தல் வேட்பாளர்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினேன். அந்தப் பக்கங்களில் எல்லாம் கோவிந்தன் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். இந்த வாரம் அது முடியவில்லை.

அண்மையில் ஒரு காலை. சங்கராபுரத்தில், வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கைகளில் கரும்புச் சோகை அறுத்த கீறல்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் சாமந்தி மாலை. பஸ் கிளம்பியதும் காற்றில் அதன் வாசம் என் முகத்தில் அடித்தது.

"எந்தூருங்க?" என்றார்.

"கள்ளக்குறிச்சி."

"நாங்க மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டிக்கினு இருந்தோம். எங்க பெரியப்பா பூட்டாரு. காலையில டீக்கடைச் செவுத்துல போஸ்டரப் பாத்துதான் தெரிஞ்சிது. அப்படியே போட்டது போட்டபடி ஓடியாறேன்."

"போன் போட்டுக் கேட்டீங்களா?"

"மலையில டவரு எங்க எடுக்குது? ரெண்டு வாட்டி போட்டேன். அடிக்கவே இல்ல."

ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பினேன். "பெரியப்பா பேரு?"

"கோயிந்தன். பேர ஆள் உசரத்துக்குப் போட்டிருக்காங்க சாமி. வயசுப் புள்ளையா இருந்தப்ப எடுத்த போட்டோ. பாத்ததும் ஈரக்கொலையே ஆடிப்போச்சி."

"கீழே எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கறுப்பு எழுத்து, போட்டோ, பேரு. அதுக்கு மேல படிக்கறதுக்கு இன்னா இருக்குது?"

முன் இருக்கைகளில் இன்னும் இரண்டு மாலைகள் தெரிந்தன. ஒரு கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் எழவுக்குத்தானுங்களா?" என்றார் அந்தப் பெண்.

அந்தப் போஸ்டரை அடித்தவன் நான். கோவிந்தன் சாகவில்லை என்பதை அந்த பஸ்ஸில் அறிந்திருந்த ஒரே ஆள் நான்.

"ஆமாம்" என்றேன்.

நெட்டையன்

எங்கள் அச்சகத்தில் போஸ்டருக்கென்று ஒரு மர எழுத்து வரிசை இருந்தது. சென்னையில் மூடப்பட்ட ஓர் அச்சகத்திலிருந்து அப்பா வாங்கி வந்தது. ஒவ்வொரு எழுத்தும் முழங்கை உயரம் இருக்கும். ஆனால் ஒடுக்கம். தடித்த கால்கள், அந்தக் கால்களுக்கு நடுவே ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளிதான். எழுத்துகளை வரிசையாக நிறுத்தினால் திருவிழா நாளில் பஸ்ஸில் நிற்கும் கூட்டம் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வேலையாட்கள் அந்த வரிசைக்கு வைத்த பெயர் நெட்டையன்.

எங்கள் பகுதிக்கு நெட்டையன் இல்லாமல் முடியாது. கள்ளக்குறிச்சி என்று ஒரே வரியில் பெரிதாகப் போட வேண்டுமானால் வேறு எந்த எழுத்திலும் தாள் போதாது. சாதாரண எழுத்து அகலத்தில் படுத்துக்கொள்ளும். நெட்டையன் தோளை ஒடுக்கிக்கொண்டு எழுந்து நிற்பான். அந்த வரிசையில் 'லை'யும் 'ணை'யும் பழைய முறைப்படி, யானைத் துதிக்கை போல முன்னால் வளைந்திருக்கும்.

சினிமாவுக்கும் கட்சிக்கும் சிவப்பில், நீலத்தில் அடிப்போம். கறுப்பில் அடித்தால் அது சாவு. ஒருவருடைய படம், பெயர், நெட்டையன், கறுப்பு மை. இந்த நான்கும் சேர்ந்தால் சாலையின் எதிர்ப்புறம் நின்றே ஜனங்கள் தலையைக் குனிவார்கள். அருகில் வந்து படிக்க மாட்டார்கள். யார், எந்த ஊர் என்பதோடு சரி. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட போஸ்டர்களை அடித்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

கோவிந்தன் மலையிலிருந்து வந்தவர். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். சாமை விளையும் சிறு காடு அவர்களுக்கு இருந்தது. மீசை முளைக்கிற வயதில் எங்களிடம் சேர்ந்தார். நெட்டையனைக் கோப்பது பிறகு அவர் பொறுப்பாயிற்று. நான் எம்.ஏ. படித்துவிட்டு வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தபோது, புரூஃபை நான் உரக்கப் படிப்பேன், அவர் கோத்த எழுத்துகளைப் பார்த்துச் சரி சொல்வார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான்.

ஒருநாள் மாலை அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"மொதலாளி, சங்கராபுரத்துல புதுசா ஒரு பிரஸ் போடறாங்க. என்னக் கூப்புடறாங்க. எம் பொண்ணு கைக்கொழந்தை. அங்கேருந்துன்னா வாராவாரம் வூட்டுக்குப் போய் வரலாம். அடுத்த மாசம் போறேனுங்க."

அவர் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, முறையாக முன்கூட்டியே சொன்னார். நான் சிரித்துக்கொண்டே "யோசிக்கலாம்" என்றேன். உள்ளுக்குள் கொதித்தேன். தேர்தல் வரப்போகிற நேரம். அவர் போனால் பாதி வாடிக்கையும் சங்கராபுரத்துக்குப் போய்விடும் என்று பயந்தேன். மலையிலிருந்து வந்த ஒருவன் என்னை விட்டுப் போவதா என்ற திமிரும் இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் பயத்தைவிடத் திமிர்தான் அதிகம்.

அந்த ஞாயிறு அச்சகத்துக்கு விடுமுறை. நான் தனியாகப் போய் நெட்டையனைக் கோத்தேன். ஆயுத பூஜைக்கு எடுத்த கூட்டுப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி அச்சுக்கான உலோக பிளாக் செய்து வைத்திருந்தேன். கறுப்பு மை. சாவு என்று யாரும் நினைக்காதபடி "எச்சரிக்கை" என்று மேலே பெரிதாக. "இந்தப் படத்தில் உள்ள கோவிந்தன் எங்கள் அச்சகத்தின் பெரிய எழுத்துகளைத் திருடியதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இவருடன் யாரும் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம்."

வேலையை விட்டு நீக்கியவர்களைப் பற்றி இப்படி ஊருக்கு அறிவிப்பது அப்போது கடைக்காரர்களிடையே வழக்கம். யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். திருடு போனதாகச் சொன்ன எழுத்துகளைக் கொண்டேதான் அந்தப் போஸ்டரை அடித்தேன். பெரிய எழுத்து என்று எங்களிடம் வேறு கிடையாது. அது யார் கண்ணிலும் படவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ் நிலையச் சுவரில் மைதாப் பசை காய்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சங்கராபுரம் அச்சகத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பஸ் நிலையத்தில் இளவட்டங்கள் அவரை "எழுத்துத் திருடா" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

அவர் ஒரே ஒரு முறை வந்தார். வாசற்படி ஏறவில்லை. தெருவில் நின்று கேட்டார்.

"மொதலாளி, எந்த எழுத்து காணோம்னு மட்டும் சொல்லுங்க. நான் தேடிக் குடுத்துடறேன்."

"போடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நிவேதாவின் கேள்வி

அச்சகம் இப்போது இல்லை. அந்த இடத்தில் என் மகன் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். மர எழுத்துகள் மட்டும் அவற்றின் மேசையோடு மாடியில் கிடந்தன.

சென்னையிலிருந்து நிவேதா என்ற பெண் வந்தாள். கணினிக்குத் தமிழ் எழுத்துரு வரைகிறவள். நெட்டையனைப் பார்த்துக் குதித்தாள். "இந்த மாதிரி ஒடுக்கமா, தடியா, பழைய லுக்ல தமிழ்ல ஒண்ணுமே இல்ல சார்" என்றாள். மாதக்கணக்கில் வந்துபோய் ஒவ்வொரு எழுத்தையும் படமெடுத்து வரைந்தாள். அவள் போனில் நெட்டையன் ஒளிர்ந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வேலை முடிகிற தறுவாயில் ஒருநாள் மேசையின் இழுப்பறையைக் கழற்றினாள். இழுப்பறைகளுக்கு அடியில் வீணான போஸ்டர் தாள்களை விரித்து வைப்பது எங்கள் வழக்கம். அவள் கையில் வந்தது அந்த எச்சரிக்கை.

"சார், செம்மயா இருக்கு! எழுத்துரு வெளியிடறப்ப இதையே மாதிரிப் பக்கமா போட்டுடலாம். நெட்டுல எல்லாரும் ஷேர் பண்ணுவாங்க."

நான் தாளை வாங்கக் கை நீட்டினேன். அவள் மறுபடி படித்தாள். சிரிப்பு குறைந்தது.

"எழுத்தைத் திருடிட்டாருன்னு போட்டிருக்கு. எது திருட்டுப் போச்சு? நான் ஒவ்வொண்ணா எடுத்தேனே. ஒண்ணும் குறையலயே சார்."

 அவளிடம் சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

"அவர் இருக்காரா?" என்றாள்.

"தெரியாது."

"தேடினீங்களா?"

"இல்லை."

அவள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "இனிமே இந்த எழுத்தை நான் எப்படி சார் வெளியில விடறது?"

மலைக்கு ஜீப் ஓட்டும் ஒருவரிடம் விசாரித்தேன். கோவிந்தன் இருக்கிறார், கண் மங்கிவிட்டது, மகள் அலமேலுவோடு இருக்கிறார் என்றார். அன்றே நான் பஸ் ஏறியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. நேரில் நிற்பதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்த எழுத்தில் பழித்தேனோ அதே எழுத்தில், அதே ஊர்களில், அதே கறுப்பில் மறுப்பு ஒட்டுவது. படித்தவன் மூளைக்கு அது மிகப் பொருத்தமாகப் பட்டது. அந்தப் பொருத்தத்தில் மயங்கி, கறுப்பில் பெயரும் படமும் போட்டால் ஊர் என்ன நினைக்கும் என்பதை மறந்தேன்.

நிவேதாவின் எழுத்துருவில் வந்த முதல் அச்சு அதுதான். மேலே பெரிதாக, கோவிந்தன். கீழே பழைய படம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் நான் எழுதியது: "எங்கள் அச்சகத்தில் பணியாற்றிய மேற்கண்டவர்மீது முன்பு எழுந்த குற்றச்சாட்டு தவறான தகவலின் பேரில் எழுந்தது. அவர் நேர்மையானவர் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

"அவர்கிட்ட கேட்டீங்களா சார்?" என்று நிவேதா கேட்டாள்.

"கேட்டாச்சு" என்றேன். அதுவும் பொய்.

ஒட்டிய மறுநாள், இனி தலை நிமிர்ந்து போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அப்படித்தான் அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

வளைவுகள்

பஸ் மலையேறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் மாலைப் பை என் முழங்காலில் வந்து மோதியது. அந்தப் பெண் பேசிக்கொண்டே வந்தார்.

"பாவம், கீழ எங்கியோ பிரஸ்ல வேல செஞ்சாரு. திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிட்டானுங்க. அலமேலுவ பள்ளிக்கொடத்துலயே எழுத்துத் திருடன் மவளேன்னுதான் கூப்புடுவாங்க. சண்டை போட்டுக்கினு படிப்பையே வுட்டுட்டா." மூக்கைச் சிந்தினார். "செத்தப்பறமாவது எவனோ புண்ணியவான் ஜாஸ்தி செலவு பண்ணி போஸ்டர் போட்டுக்கீறான்."

அம்மா, அவர் சாகவில்லை என்று சொல்ல எத்தனை முறை வாயைத் திறந்தேன் என்று தெரியாது. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து, ஒரு சாவுக்கு அழுதுகொண்டிருந்தவரின் பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன். வெள்ளிமலை நிறுத்தச் சுவரில் கோவிந்தன் நின்றிருந்தார், இளைஞராக, மலைப் பனியில் இன்னும் காயாத பசையோடு. ஒருவர் அதன்முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பலா மரத்தடி

அவர்கள் பின்னாலேயே நடந்தேன். வீடு தெரிந்ததும் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு "ஐயோ பெரியப்பா" என்று ஓடினார்கள். ஓடியவர்கள் அப்படியே நின்றார்கள்.

பலா மரத்தடிக் கட்டிலில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார்.

"அடியே, கத்தாதீங்கடி! நான் இங்கதான் உக்காந்துகினு இருக்கேன்" என்றார். "விடிஞ்சதுலேருந்து இதே ரோதன. யாராச்சும் வர்றதும் அழுவறதும் என்னத் தொட்டுப் பாக்கறதும்."

ஒருவர் சிரித்தார். ஒருவர் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். முற்றத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

"எவன்டா ஒட்டுனது? உசுரோட இருக்கற மனுசனுக்கு?"

"கையில கெடச்சான்னா அவனுக்கு நாமளே போஸ்டர் ஒட்டிடலாம்."

அலமேலு வீட்டு வாசலில் நின்றிருந்தார். நரை கலந்த தலை, இறுகிய வாய். நிறுத்தத்திலிருந்து யாரோ உரித்துக்கொண்டு வந்த போஸ்டர் அவர் கையில் இருந்தது. "கீழ பொடிசா இன்னாவோ போட்டிருக்குது. யாராச்சும் படிங்க."

கூட்டத்தில் ஒருவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னே வந்தான்.

"நான் படிக்கிறேன்" என்றேன்.

"இவரு எழவுக்கு வந்தவரு. எங்கூடத்தான் பஸ்ல வந்தாரு" என்றார் மாலைக்காரப் பெண்.

படித்தேன். மேற்கண்டவர்மீது என்று தொடங்கி, தெரிவித்துக்கொள்கிறோம் வரை. முடித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படின்னா இன்னா?" என்றான் முன்னே வந்தவன்.

கட்டிலிலிருந்து கோவிந்தன் தலையைத் தூக்கினார். அவர் பார்வை என் முகத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றது. குரல் வந்த திசையைப் பார்த்தார்.

"மொதலாளியா?"

"நான்தான், கோவிந்தன்."

"புரூஃப் படிக்கற மாரியே படிக்கறீங்க." கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "தவறான தகவல்னு போட்டிருக்கீங்க. சரிங்க. நான் எடுக்கல. அப்ப எந்த எழுத்துங்க காணாமப் போச்சி?"

தெருவில் நின்று அவர் கேட்ட அதே கேள்வி. என் போஸ்டரின் ஒழுங்கான இலக்கணத்தில் அதற்குப் பதில் இல்லை. பதில் வராதபடிதான் அதை எழுதியிருந்தேன்.

"எதுவும் காணாமல் போகவில்லை" என்றேன். "எல்லா எழுத்தும் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. நீங்கள் போய்விடக் கூடாது என்று நான் பொய் சொன்னேன்."

"என்கிட்ட எழவுக்குன்னு சொன்னாரே இவரு!" என்றார் மாலைக்காரப் பெண், யாரிடம் என்றில்லாமல்.

ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். கோவிந்தன் கையை உயர்த்தினார். அவன் விட்டான்.

"ஒண்ணுமே காணாமப் போகலயா?" என்றார் கோவிந்தன் மெதுவாக. "நான் தேடிக்கினே இருந்தேங்க. மண்ணெண்ணெத் துணியில தொடைக்கறப்ப ஏதாச்சும் கீழ வுழுந்து குப்பையோட பூட்டுதோன்னு. ராவெல்லாம் மனசுல ஒவ்வொரு எழுத்தா அடுக்கிப் பாப்பேன். திருடலன்னு எனக்குத் தெரியும். ஆனா தொலைச்சது நானோன்னு இருந்துது. இத்தினி வருசமும்."

அவர் மேல்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். 

பிறகு துண்டை எடுத்துவிட்டு, "அலமேலு, வந்தவங்களுக்கு உலை வை" என்றார். "சாவு வூட்லதான் அடுப்பு எரியாது. நம்ம வூட்ல எரியட்டும்."

எல்லோருக்கும் சாமைச் சோறு போட்டார்கள். எனக்கு இலை போடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. வேலியோரம் நின்றேன்.

கைகழுவிக்கொண்டு வந்த அலமேலு என் எதிரே நின்றார். "இப்ப வாயால சொன்னீங்களே, அதப் போடுங்க. எங்கப்பா போட்டோ வேணாம். ஒங்க போட்டோவப் போடுங்க. ஒங்க பேரப் பெருசாப் போடுங்க."

"போடுகிறேன்" என்று அவரிடம் சொன்னேன். "நெட்டையன் எழுத்து இப்போது கணினியில் வருகிறது" என்றேன், கோவிந்தனைப் பார்த்து. "வரைந்த பெண் அதற்கு உங்கள் பெயரை வைக்கலாமா என்று கேட்கச் சொன்னாள்."

"வேணாங்க" என்றார். "அதுலதான என்னத் திருடன்னு போட்டீங்க. கெளம்புங்க, கடைசி பஸ்ஸு பூடும்."

மூன்றாவது

மகன் ஒப்பவில்லை. "கடையே உங்க பேர்லதான்பா ஓடுது. நான் ஊர்ல தலைகாட்ட வேணாமா?" என்றான். வேறு கடையில் கொடுத்து அடித்தேன். நிவேதாதான் கோத்துக் கொடுத்தாள். கோவிந்தனிடம் கேட்டாச்சு என்று நான் சொன்ன பொய்யும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்கு வேண்டியதைத் தவிர அவள் இப்போது என்னிடம் எதுவும் பேசுவதில்லை. எழுத்துருவுக்கு நெட்டையன் என்றே பெயர் வைத்திருக்கிறாள். மாதிரிப் பக்கத்தில் ஊர்ப் பெயர்களை மட்டும் போட்டிருக்கிறாள்.

மேலே என் பெயர், பெரிதாக. என் படம். "எந்த எழுத்தும் காணாமல் போகவில்லை. கோவிந்தன் திருடவில்லை. நான் பொய் சொன்னேன்." கறுப்பு மை. இம்முறை என்ன நடக்கும் என்று தெரிந்தே கறுப்பு.

வெள்ளிமலை நிறுத்தத்தில் ஒட்டியதை அலமேலு யாரையும் கிழிக்க விடவில்லை என்று ஜீப்காரர் சொன்னார். கோவிந்தனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

ஒட்டிய மறுநாள் காலை என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. என்னோடு கல்லூரியில் படித்த நண்பர், வெள்ளை வேட்டியில், கையில் ரோஜா மாலையோடு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"யோவ், இருக்கியா! பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு அழுதுக்கினே வரேன்யா. எந்தப் பய செஞ்ச வேலை இது?"

"நான்தான் ஒட்டினேன். உட்கார்."

மாலையை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். "முழுதாகப் படித்தாயா?" என்றேன்.

"ஒம் மூஞ்சி, ஒம் பேரு. அதுக்கு மேல யாரு படிக்கறது?"

உள்ளிருந்து ஒரு தாளை எடுத்து வந்து படித்துக் காட்டினேன். மூன்று வரிதான்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கோவிந்தனா? ஒங்கிட்ட இருந்தாரே, மலைக்காரரு?" தரையைப் பார்த்தபடி இருந்தார். "பஸ் ஸ்டாண்டுல நிறுத்தி வச்சி நான்கூட அவரக் கிண்டல் பண்ணியிருக்கேன்யா."

பாதிக் காபி அப்படியே இருந்தது. எழுந்தார். நாற்காலியில் கிடந்த மாலையை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

தெருவில் அடுத்த வண்டி வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் மடியில் மாலை. நான் தாளை மடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.